பங்கு கேட்காத தம்பி

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் அண்ணன் தம்பிக்கு இரண்டு பெயர் உண்டு. சின்ன வயதில் உடன்பிறப்பு. அப்பா கண்ணை மூடி, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த மறுநாளிலிருந்து பங்காளி. ஆள் அதே ஆள்தான். ஒரே தாயிடம் பால் குடித்தவன்தான். ஆனால் "எங்க பங்காளி" என்று சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது, இல்லையா?

எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. சின்னசேலத்துக்குத் தெற்கே மானாவாரிக் காட்டு நடுவில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் கிணற்றில் அரைமணி நேரத் தண்ணீர்தான் ஊறியது. எங்கள் மரவள்ளி வாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அப்பா முறை. மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்று சித்தப்பா காட்டுக் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியால் மடையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "நம்ம பயிரு என்னாவறது?" என்று அம்மா கேட்டாள். "அவன் கடன் வாங்கி வச்சிருக்கான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரவள்ளி அந்த வருஷம் தேறவில்லை.

அரச குடும்பத்து அண்ணன் தம்பிகளைப் பற்றி, கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் அவர்கள் நின்ற இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கேட்டதும் எனக்கு அந்த மடைதான் நினைவுக்கு வந்தது. நாட்டுக்கும் ஒரு மடை உண்டு. அதை யார் பக்கம் திருப்புவது என்பதுதான் அரியணைச் சண்டை.

இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எல்லோரும் பரதனிடம் போவார்கள், அல்லது இளங்கோவடிகளிடம் போவார்கள். அண்ணன் செங்குட்டுவன் இருக்க, நாடாளும் பொறி தம்பிக்குத்தான் இருக்கிறது என்று நிமித்திகன் சொன்னான். அண்ணன் முகம் வாடியது. தம்பி அந்த இடத்திலேயே துறவு பூண்டான். பெரிய கதைதான். ஆனால் இளங்கோ அரண்மனையை விட்டே போய்விட்டார். போகிறவனுக்கு ஒருநாள் வேதனை. போகாமல் அதே அரண்மனையில் இருந்துகொண்டு, தனக்கு வரவேண்டிய இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். அவன் தாய் பிறந்த குலம் ஆண்டது நம் திருக்கோவலூரை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது திருக்கோவலூரும் நம்மோடு வந்தது. ஆகவே அவனை நம் மாவட்டத்தின் பேரப்பிள்ளை என்று உரிமையோடு சொல்லலாம்.

அதற்குமுன் மலைக்குக் கொஞ்சம் ஏறி இறங்குவோம். கல்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்களைக் கேளுங்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்பார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலை என்று பிரிந்து போனார்கள். எந்த மலை எவருக்கு என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். மூன்று பேர் என்பது மட்டும் மாறாது. கல்வராயன் மலையே பின்னால் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்தது. 1976-இல்தான் அரசாங்கம் அவற்றைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: மூவரும் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. மலை நிறைய இருந்தது, பிரிந்தார்கள்.

சமவெளியில் அவ்வளவு இடம் இல்லை. காவிரிக் கரையில் ஒரே ஓர் அரியணைதான் இருந்தது.

புறநானூற்றில் 45-ஆம் பாட்டும் 46-ஆம் பாட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் பாடியவர் கோவூர்கிழார். முதல் பாட்டு உறையூர் வாசலில் நடக்கிறது. உள்ளே கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகை போட்டிருப்பவன் நலங்கிள்ளி. இருவரும் சோழர், இருவரும் பங்காளிகள். புலவர் நடுவில் போய் நின்று என்ன சொல்கிறார்? எதிரே நிற்பவன் தலையில் சேரனின் பனம்பூவா இருக்கிறது, பாண்டியனின் வேப்பம்பூவா இருக்கிறது, பாருங்கள். இருவர் தலையிலும் ஒரே ஆத்திப்பூதான் இருக்கிறது என்கிறார். இருவரும் ஜெயிக்க முடியாது. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இந்தப் போரைப் பார்த்துச் சந்தோஷப்படப் போகிறவன் வேறு அரசன் என்கிறார். வக்கீல் வைத்து வரப்புக்காக இருபது வருஷம் வழக்கு நடத்தும் அண்ணன் தம்பியிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசுவது போலவே இருக்கிறது எனக்கு.

அடுத்த பாட்டுதான் நம் ஊர்ப் பாட்டு. சோழன் கிள்ளிவளவன், திருக்கோவலூரை ஆண்ட மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக்காலில் இட ஏற்பாடு செய்கிறான். பிள்ளைகள் என்றால் சின்னஞ்சிறுசுகள். எவ்வளவு சிறுசு தெரியுமா? அழுதுகொண்டிருந்தவர்கள், கொல்ல வந்த யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். யானை பார்க்கிற சந்தோஷம் அந்த வயதுக்கு. பிறகு தெரியாத முகங்கள் நிறைந்த மன்றத்தைப் பார்த்து மருளுகிறார்கள். அதுவரை பட்டிராத புதுத் துன்பம் அது. இதைச் சொல்லிவிட்டு, கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் என்று புலவர் நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். கோவூர்கிழார் பாடி உயிர் மீட்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பே சொல்கிறது.

பகைவன் பிள்ளையை விட்டுவைத்தால் நாளைக்குப் பழிக்கு வருவான், ஆகவே வேரோடு எடுப்பதுதான் அரசனின் கடமை என்று கிள்ளிவளவனிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். அரண்மனைகளில் அப்படிச் சொல்ல எப்போதும் ஆள் இருக்கும்.

நூற்றாண்டுகள் உருண்டன. தங்களை மலையமான் மரபினர் என்று சொல்லிக்கொண்ட தலைவர்கள் திருக்கோவலூரில், மிலாடு என்ற நாட்டில், சோழர்களுக்கு அடங்கியும் உறவாகியும் இருந்தார்கள். அந்தக் குலத்துப் பெண் வானவன் மாதேவி. அவளை மணந்தவன் சோழன் இரண்டாம் பராந்தகன், மக்கள் சொன்ன பெயர் சுந்தர சோழன். எந்தக் குலத்துப் பிள்ளைகளைச் சோழன் யானைக்கு எறியப் பார்த்தானோ, அந்தக் குலத்துப் பெண் சோழனுக்கே பிள்ளை பெற்றாள். ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூவர். அருள்மொழியைத்தான் உலகம் ராஜராஜன் என்கிறது.

இவர்கள் கதையை நம்மில் பலர் கல்கியின் நாவலில் படித்திருப்போம், இல்லாவிட்டால் திரையில் பார்த்திருப்போம். நான் கல்லிலும் செம்பிலும் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அதுவே போதும்.

முதலில் ஒரு கணக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் அருள்மொழி செய்தது புரியாது. சுந்தர சோழனின் தாத்தா முதலாம் பராந்தகனுக்கு மூத்த மகன் இராசாதித்தன். வடக்கிலிருந்து வரும் இராட்டிரகூடப் படையைத் தடுக்க நம் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு காத்திருந்தவன். 949-இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அடுத்தவன் கண்டராதித்தன், சிவபக்தன். அவன் இறந்தபோது அவன் மகன் சிறு குழந்தை. ஆகவே ஆட்சி அடுத்த தம்பி அரிஞ்சயனுக்குப் போனது; அவனிடமிருந்து அவன் மகன் சுந்தர சோழனுக்கு வந்தது. அதாவது மூத்தவன் பிள்ளைக்குரிய சொத்து, அந்தப் பிள்ளை சிறுவனாக இருந்ததால் இளையவன் வீட்டுக்கு வந்திருந்தது. இது நம் கிராமங்களில் நடக்காததா? "பையன் பெரியவனாகட்டும், அதுவரைக்கும் நான் உழுதுக்கறேன்" என்று சித்தப்பன் எடுத்த நிலம் திரும்பி வந்த வீடு எத்தனை, வராத வீடு எத்தனை? அந்தக் குழந்தைதான் பின்னாளில் உத்தம சோழன். அவன் தாய் செம்பியன் மாதேவி. நமக்குப் பக்கத்து விருத்தாசலம் கோயில் உட்பட எத்தனையோ கோயில்களைக் கல்லால் எடுப்பித்த அம்மை.

இப்போது அருள்மொழியின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞன். 969-க்கும் 971-க்கும் இடையில் அண்ணன் ஆதித்தன் கொல்லப்படுகிறான். வீரபாண்டியனைப் போரில் வென்று தலைகொண்டவன், பட்டத்துக்கு உரியவன், போர்க்களத்தில் சாகாமல் துரோகத்தில் செத்தான். அந்தத் துயரத்தோடு காஞ்சிப் பொன்மாளிகையில் தந்தையும் இறக்கிறார். தாயும் அவரோடு தீயில் இறங்குகிறாள். அண்ணன், அப்பா, அம்மா என்று சில ஆண்டுகளுக்குள் வீடு காலியாகிவிட்டது. மிச்சம் அக்கா குந்தவை மட்டும்.

அப்போது மக்கள் அவனிடம் வருகிறார்கள். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட 31 ஏடுகள் அவை. நாட்டில் கலியின் இருள் பரவிவிட்டது, நீ முடிசூட்டிக்கொள் என்று மக்கள் வேண்டினார்கள். சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருள்மொழி இருந்துவிட்டான். அரச தருமம் அறிந்தவன் ஆதலால் என்று செப்பேடு காரணம் சொல்கிறது. உத்தம சோழன் முடிசூடினான். தனக்குப் பின் அருள்மொழியே என்று இளவரசுப் பட்டமும் கட்டினான். 985 வரை ஏறத்தாழ 15 ஆண்டு. பரதன் பாதுகையை வைத்துக் காத்திருந்தது 14 ஆண்டு.

மகன் காலத்துச் சாசனம் அப்பனைப் புகழத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உத்தம சோழனுக்கு வலிமையான கட்சி இருந்திருக்கும், அருள்மொழிக்கு வேறு வழி இருந்திராது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆதித்தன் கொலையில் உத்தம சோழனுக்கே பங்கு உண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். அது தவறு என்று குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றோர் பின்னால் மறுத்தார்கள். அந்த வாதத்துக்குள் நான் நுழையவில்லை. நான் பார்ப்பது 985-க்குப் பிறகு நடந்ததை. வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தவன், கைக்கு அதிகாரம் வந்த அன்று என்ன செய்வான்? பங்காளியின் பிள்ளையைத்தான் முதலில் தேடுவான். கிள்ளிவளவன் யானையை வைத்துக்கொண்டு செய்யப் பார்த்ததும் அதுதான்.

ராஜராஜன் என்ன செய்தான்? உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் உயிரோடு இருந்தான், பதவியோடு இருந்தான். ராஜராஜனின் அதிகாரியாகக் கோயில்களை மேற்பார்வை பார்த்தான். திருவல்லம் கோயிலுக்குப் போனவன், சுவாமிக்கு இரண்டு நாழி அரிசிதான் படைக்கிறார்கள், கறியமுது இல்லை, நெய் இல்லை, தயிர் இல்லை, நந்தா விளக்கைக் கவனிப்பார் இல்லை என்று கண்டு, பொறுப்பாளர்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டான். இது கல்வெட்டில் இருக்கிறது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவன், தன் பங்காளியின் ஆட்சியில் தலைநிமிர்ந்து நின்று நெய்க்கும் தயிருக்கும் கணக்குக் கேட்கிறான். எனக்கு இந்தக் காட்சி பெரிய கோபுரத்தைவிட உயரமாகத் தெரிகிறது. செம்பியன் மாதேவியும் ராஜராஜன் ஆட்சியில் மதிப்போடு வாழ்ந்தார். ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனுக்கு வைத்த பெயர் மதுராந்தகன். அது பராந்தகன் காலத்திலிருந்து குடும்பத்தில் ஓடிய பெயர்தான். ஆனாலும் உத்தம சோழனின் இயற்பெயரும் அதுதானே. பகை இருக்கும் வீட்டில் பங்காளி பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள்.

அண்ணனை அவன் மறந்துவிட்டானா என்றால், இல்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளும் அவர்களின் உறவினரும் உடைமை இழந்த செய்தி அதில் வருகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள். படித்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஏனென்றால் அந்தப் பட்டியலிலும் இவன் தம்பி, அவன் தம்பி என்று உடன்பிறப்புகளே வருகிறார்கள். ஓர் அண்ணனைக் கொன்றதும் அண்ணன் தம்பிகள்தான். உறவினர்வரை தண்டனை நீண்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தக் காலச் சட்டம் அது. அருள்மொழி கொலையாளிகளை விட்டுவைக்கவில்லை, பங்காளியைத் தொடவில்லை. இரண்டையும் அவன் குழப்பிக்கொள்ளவில்லை என்பதுதான் நான் கவனிப்பது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அருள்மொழி பாசத்தை விட்டுக் கடமையைப் பிடித்தான் என்று பள்ளிக்கூடப் பேச்சுகளில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூத்தவன் வீட்டுச் சொத்து தன் வீட்டில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கேட்கிறவனுக்குக் கொடுத்துவிட்டான். கடன் தீர்ந்தது. கடன் தீர்ந்த பிறகுதான் பங்காளி மறுபடியும் உறவாக முடியும். பின்னாளில் அவன் கை நடுங்காமல் இருந்ததற்கு அந்த 15 ஆண்டுதான் காரணம் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக அந்தத் தாயிடம் வருகிறேன். திருக்கோவலூர் கீழையூரில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பலர் போயிருப்பீர்கள். பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கும், மேலே சின்னக் கோயிலோடு. கபிலர் குன்று. அந்த வீரட்டானத்தில் ராஜராஜனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1012-ஐ ஒட்டிய காலம். அதில் ஒரு தமிழ்ப்பாட்டே செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால் டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

அந்த ஒரே கல்வெட்டில் இரண்டு தீ எரிகிறது. ஒன்று சங்கப் புலவர் கபிலர் இறங்கிய தீ. நண்பன் பாரி போனபின், அவன் பெண்ணை மலையமான் குலத்தாரிடம் ஒப்படைத்து, பொறுப்பை முடித்துவிட்டு, அவர் தீயில் புகுந்தார் என்கிறது. இன்னொன்று வானவன் மாதேவி இறங்கிய தீ. புலியைப் பெற்ற மான் என்ற பொருளில் அவளைச் சொல்கிறது. பால் சுரக்கும் மார்போடு பிள்ளையைப் பிரிந்தாள், எரியின் நடுவிலும் கணவனைப் பிரியவில்லை என்கிறது. பாடியவர் புகழ்ந்துதான் பாடியிருக்கிறார். எனக்கு அதைப் புகழ மனம் வரவில்லை. கபிலர் பெண்பிள்ளைக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனார். இந்தத் தாய்க்கு அந்த அவகாசமும் தரப்படவில்லை. அவள் விட்டுப்போன இடத்தை அக்கா நிரப்பினாள். அதனால்தான் தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் கொடைக் கணக்கை எழுதச் சொன்னபோது, தான் கொடுத்ததற்கு அடுத்ததாக அக்கன் கொடுத்ததைச் சொல்கிறான். மனைவிமார் கொடுத்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிமம் செய்துவைத்தவளும் அந்த அக்காதான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை திருக்கோவலூர் போகும்போது, உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிடாதீர்கள். கீழையூருக்கும் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரகாரம் சுற்றும்போது கையில் மிஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் சுவரில் தடவாதீர்கள், விளக்கெண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள். அந்தச் சுவரில் ஒரு தாயின் பெயர் இருக்கிறது.